பூஞ்சணம் இல்லாத வைக்கோல்

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். என்னால் இங்கே மற்றவர்கள் அவ்வளவு நலமில்லை. உன் நலத்தையும், உன் கண்ணாடிக் குடுவைகளுக்குள் வாடகை தராமல் குடியிருக்கும் ஈஸ்ட் பிள்ளைகளின் நலத்தையும் கேட்டு எழுதுகிறேன்.

விடுதி என்ற சொல்லில் 'விடு' இருக்கிறதே தவிர, இங்கே யாரும் எதையும் விடுவதாக இல்லை. வந்த அன்றே கைப்பேசியை வாங்கி வார்டன் அறை இரும்பு அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். இப்போது அது கைக்கு எட்டாத பேசி. ஞாயிற்றுக்கிழமை வார்டனின் மேசைத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசலாம். அவர் எதிரே உட்கார்ந்து ஏதோ எழுதுவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். போன வாரம் அம்மாவிடம் சாப்பாடு பிரமாதம் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வார்டன் தலையாட்டிவிட்டார். உண்மையைக் கடிதத்தில்தான் எழுத முடியும்: இங்கே சாப்பாட்டில் 'பாடு' மட்டும்தான் தாராளம்.

நான் ஏன் இங்கே வந்தேன் என்பது எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. பழைய பள்ளியின் நீரூற்றில் சோப்புத் தூளைக் கொட்டி, ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினரை முழங்கால் வரை நுரையில் நிற்க வைத்தவள் என்று கீழ்மாடிப் பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் ஏமாற்ற வேண்டாமே என்று முகத்தைக் கொஞ்சம் பயங்கரமாக வைத்துக்கொள்கிறேன்.

அக்கா என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் வைக்கோலைப் போட்டுச் சாராயம் காய்ச்சுகிறாள், அதைக் குடித்துவிட்டுப் பேருந்து ஓடும் என்றேன். ஓட்டுநரா என்று ஒருத்தி கேட்டாள். பேருந்துதான் குடிக்கும் என்று விளக்கினேன். யாரும் நம்பவில்லை. நான் உண்மை பேசினால் மட்டும் இப்படித்தான் ஆகிறது.

செப்டம்பரில் ஒரு வாரம் விடுமுறை. அப்பாவுக்கு மாற்றலான ஊருக்குப் போய் வரவே அந்த வாரம் தீர்ந்துவிடும். உன் ஊருக்கு ஒரு பகல் ரயில். வரட்டுமா? உன் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும். வாலைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறேன்.

பூட்டிய அலமாரிக்கு வெளியே இருந்து,
உன் வாலு


ஆகஸ்ட் 3

அன்பு வாலுக்கு,

நான் நலம், தூக்கம் மட்டும் அரைகுறை. நீ இருமுவதாக அம்மா சொன்னாள். வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

நான் சாராயம் காய்ச்சுவதாக நீ பரப்பிய செய்தி வார்டன் வரைக்கும் போய், அவர் அம்மாவிடமே விசாரித்துவிட்டார். அம்மா சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னாள். இனி பரப்புவதென்றால் சரியாகப் பரப்பு. தானியத்திலிருந்து எரிபொருள் எடுப்பது சுலபம். ஆனால் அது ஒருவர் சாப்பிட வேண்டியதை வண்டிக்கு ஊற்றுவது. தானியம் போன பிறகு மிஞ்சும் வைக்கோலிலும் சர்க்கரை இருக்கிறது. கெட்டியாகப் பூட்டி வைத்த சர்க்கரை. அதைப் பெரிய குக்கர் போன்ற கலத்தில் அமிலம் விட்டு வேகவைத்துக் கறுப்பாக ஒரு தண்ணீர் எடுக்கிறோம். அந்தத் தண்ணீரில் சர்க்கரையும் உண்டு, ஈஸ்டைக் கொல்லும் கசப்பும் உண்டு. கடையில் வாங்கும் ஈஸ்டைப் போட்டால் அன்றைக்கே சுருண்டுவிடும்.

என் ஈஸ்ட் சுருளாது. தினமும் காலையில் பழைய குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுக் குடுவையில் விடுவேன். கறுப்புத் தண்ணீரின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வருவேன். தாங்காதது சாகும். தாங்கியது பெருகும். மூன்று வருடமாக ஒரு காலைகூடத் தவறியதில்லை. தீபம் அணையாமல் காப்பதுபோல என்று பக்கத்து மேசைக்காரன் கேலி செய்வான். இப்போது மூன்று குடுவைகளும் முழுக் கறுப்புத் தண்ணீரிலேயே நுரைக்கின்றன. நுரைத்தால் சந்தோஷமாக இருக்கின்றன என்று அர்த்தம். டிசம்பரில் ஆய்வுக் குழு வந்து பார்க்கும். அவர்களுக்குப் பிடித்தால் குடுவையிலிருந்து பெரிய தொட்டிக்குப் போகலாம்.

இந்த மழையில் வைக்கோல்தான் பெரிய தலைவலி. வருவதெல்லாம் பூஞ்சணம் பிடித்து வருகிறது. என் ஈஸ்டுக்கு முன்னால் அது உட்கார்ந்து சர்க்கரையைத் தின்றுவிடுகிறது. அலைந்து திரிந்து ஒரு புது வியாபாரியைப் பிடித்தேன். ஒரு பொட்டுப் பூஞ்சணம்கூட இருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அது தன் பொறுப்பு என்றார். இரண்டு பேர் அவரை ஏமாற்றுக்காரர் என்றார்கள். பார்க்கலாம்.

என் ஆய்வு வழிகாட்டியிடம் உனக்கு அனுமதி வாங்கிவிட்டேன். வா. ஆனால் அந்த அறையில் விளையாட்டு கிடையாது. இதைச் சிரிக்காமல் படி.

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள விஞ்ஞானி அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இருமல் ரயிலிலேயே இறங்கிக்கொண்டது. நீ போட்டுக்கொடுத்த பொட்டலம் விடுதி வாசலைத் தாண்டுவதற்குள் ஆறு பேர் வயிற்றுக்குள் போய்விட்டது. உன் கழுத்துவலி எப்படி? இரவெல்லாம் குனிந்தே இருந்தால் கேள்விக்குறி மாதிரி ஆகிவிடுவாய். வழிகாட்டிக்கு அப்புறம் உன்னிடம் கேட்கக் கேள்வியே இருக்காது.

அவர் பெயருக்கு வழிகாட்டி. நான் பார்த்த அன்றெல்லாம் கதவுக்கு நடுவில் நின்று எல்லாருக்கும் வழிமறித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பிடித்திருந்தது. நான் 'நொதித்தல் நின்றால் நொந்துபோவீர்களா' என்று கேட்டபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், கவனித்தாயா?

எனக்கு மிகப் பிடித்தது எது தெரியுமா? குலுக்கும் இயந்திரம். மூன்று குடுவைகளும் தாலாட்டுப்போல ஆடிக்கொண்டே இருக்கின்றன. பஞ்சு அடைப்பைத் தலைப்பாகைபோலக் கட்டிக்கொண்டு மூன்று குண்டர்கள். நீ புது வைக்கோல் மூட்டையைப் பிரித்து, கையில் அள்ளிக் காட்டி, ஒரு புள்ளி இல்லை பார் என்றாயே, அப்போது உன் முகம் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி இருந்தது. அந்தப் புதுத் தண்ணீரை அவர்களுக்கு ஊற்றியதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இப்போது ஒரு சின்ன வாக்குமூலம். நீ மதியம் கூட்டத்துக்குப் போனபோது மூன்று குண்டர்களுக்கும் முகம் ஒட்டினேன். வெளியே, கண்ணாடி மேல், காகிதத்தில் வெட்டியது. ஒருவனுக்கு மீசை, ஒருவனுக்குக் கண்ணாடி, மூன்றாமவனுக்கு உன் வழிகாட்டியின் புருவம். இந்நேரம் பார்த்திருப்பாய். திட்டி ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கிறேன். திட்டும்போது எந்த முகம் பிடித்திருந்தது என்றும் எழுது.

சிரிக்காமல் எழுதும்,
வாலு


செப்டம்பர் 30

வாலு,

நீ நலமாகச் சேர்ந்தது அறிந்து நிம்மதி.

மூன்று குடுவைகளும் செத்துவிட்டன. நீ கிளம்பிய மறுநாள் காலை நுரை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒன்றுகூட உயிரோடில்லை. செத்ததை வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வக வழக்கம். அன்றே வேகவைத்துக் கொட்டிவிட்டேன். ஃப்ரீசரில் பத்திரப்படுத்தியது போன வருடத்தது. நடுவில் எடுத்து உறையவைக்க நேரமே ஒதுக்கவில்லை, அது என் அலட்சியம். ஒரு வருடம் போய்விட்டது.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். காகிதம் ஒட்டியதைத் தவிர வேறு ஏதாவது தொட்டாயா? பஞ்சு அடைப்பைத் திறந்தாயா? யோசித்து எழுது.

அக்கா


அக்டோபர் 7

அக்கா,

உன் கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

நான் திறக்கவில்லை. காகிதம் மட்டும்தான். பசை கையில் ஒட்டிக்கொண்டது, அதனால் குழாயடித் தொட்டியில் கை கழுவினேன். குடுவை கழுவும் அண்ணன்கூட அப்போது அங்கே இருந்தார். அவ்வளவுதான். பஞ்சைத் தொடவே இல்லை.

குண்டர்கள் போனது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருக்கிறது. மீசைக்காரனைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தது. இதைக் கேலியாக எழுதவில்லை.

போன வருடத்தவர்கள் ஃப்ரீசரில் இருக்கிறார்களே. குளிர்காலம் முடிந்ததென்று சொல்லி எழுப்பிவிடு. ஒரு வருடம்தானே, நானும் அந்தக் கணக்குப் பரீட்சையை இரண்டு முறை எழுதித்தான் தேறினேன்.

உன் தங்கை


அக்டோபர் 22

அன்பு வாலு,

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், அம்மா அனுப்பிய கம்பளியைப் போட்டுக்கொள்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நான் கோபமாக இல்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். என் இடத்திலிருந்து கொஞ்சம் யோசித்துப் பார். மூன்று வருடம் கறுப்புத் தண்ணீரைத் தாங்கிய ஈஸ்ட், மூன்று குடுவையிலும் ஒரே நாளில் சாகிறது. அந்த மூன்றிலும்தான் நீ முகம் ஒட்டினாய். குடுவை கழுவும் அண்ணன், நீ தொட்டியருகே கைகழுவும் சோப்புப் புட்டியோடு நின்றதைப் பார்த்திருக்கிறார். நுரைத்தால் சந்தோஷம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இன்னும் கொஞ்சம் நுரைக்கட்டும், அக்கா திரும்பி வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று உனக்குத் தோன்றியிருந்தால் அது உன் இயல்பு. உனக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது.

நீரூற்று விஷயத்திலும் முதலில் இல்லவே இல்லை என்றுதான் சாதித்தாய். பக்கத்து வீட்டு அழைப்பு மணி விஷயத்திலும் அப்படித்தான். நீ எப்போதும் முதலில் மறுப்பாய், அப்புறம் சிரிப்பாய், அப்புறம் ஒத்துக்கொள்வாய். நான் உன்னைவிடப் பத்து வயது மூத்தவள். நீ தொட்டிலில் கிடந்ததிலிருந்து பார்க்கிறேன்.

வழிகாட்டி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். ஈஸ்ட் தானாகவே பலவீனமாகிச் செத்தது என்றால் இந்த ஆராய்ச்சியை இத்தோடு மூடச் சொல்லிவிடுவார்கள். வெளியாள் கை பட்டுக் கெட்டது என்றால் அது விபத்து, குழு இன்னொரு வருடம் தரும். எது நடந்ததென்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறார். உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நடந்ததை எழுது. ஒரே ஒரு வரி போதும். நான் திட்ட மாட்டேன், அம்மாவையும் திட்ட விடமாட்டேன்.

அக்கா


நவம்பர் 11

அக்காவுக்கு,

நலம்.

நீ கூட்டத்துக்குப் போயிருந்தபோது மூன்று குடுவைகளின் பஞ்சையும் எடுத்துவிட்டு, நுரை வரட்டும் என்று கைகழுவும் சோப்பைச் சில சொட்டு விட்டேன். நான்தான் செய்தேன். இதையே உன் வழிகாட்டிக்கும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்றே அனுப்புகிறேன்.

கம்பளி போட்டுக்கொள்கிறேன்.

தங்கை


டிசம்பர் 9

என் அன்பு வாலுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் மிக நலம். பல வாரங்களுக்குப் பிறகு நேற்றுத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

குழு ஒரு வருடம் நீட்டித்துவிட்டது. உன் கடிதத்தை வழிகாட்டி குழுவில் வாசித்தார். இந்த வயதில் இப்படித் துணிந்து ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று ஒரு பெரியவர் சொன்னாராம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முதல் கடிதத்திலேயே நீ சொல்லியிருந்தால் இவ்வளவு தவித்திருக்க மாட்டேன். போகட்டும், முடிந்தது முடிந்ததுதான்.

இரண்டு செய்திகள் உனக்குப் பிடிக்காது. ஆய்வகக் கதவில் இனி ஆய்வாளர்களின் குடும்பத்தினருக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் உன்னைத் திட்ட மாட்டாள். ஆனால் அடுத்த விடுமுறைக்கு உன்னை நேராகத் தன்னிடமே வரச் சொல்லியிருக்கிறாள், என்னிடம் அனுப்ப மாட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கொஞ்சம் பணிவாகப் பேசு.

ஃப்ரீசரில் இருப்பவர்களை எழுப்பப் போகிறேன். அவர்கள் குளிரிலிருந்து வெளியே வந்து பழகவே சில வாரங்கள் பிடிக்கும். அதன் பிறகு புது வைக்கோல் தண்ணீர்.

மிகுந்த அன்புடன்,
அக்கா


ஜனவரி 19

அக்கா,

நலமா? ஒரு மாதமாக உன் எழுத்தைக் காணோம். தபால்காரர் என்னைப் பார்த்தாலே இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார். அவர் விரிக்கும் முன்பே நான் விரித்துக் காட்டுகிறேன், அதுதான் இப்போது என்னால் முடிந்த வேடிக்கை.

இங்கே நான் நல்ல பிள்ளையாகிவிட்டேன் என்று வார்டன் அம்மாவிடம் சொன்னார். அம்மா தொலைபேசியில் சரி சரி என்றாள். நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன், அவள் துணி காய்வதைப் பற்றிச் சொன்னாள். அப்புறம் வைத்துவிட்டோம். முன்பெல்லாம் நேரமாகிவிட்டது என்று வார்டன்தான் மேசையைத் தட்டுவார்.

எழுப்பிவிட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள்? நுரைக்கிறார்களா? அதை மட்டுமாவது எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 24

கண்ணம்மா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உன் கடிதம் வந்து என் மேசையிலேயே கிடந்தது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்தவர்கள் நன்றாகவே எழுந்தார்கள். சர்க்கரைத் தண்ணீரில் நுரைத்தார்கள். ஜனவரி தொடக்கத்தில் வைக்கோல் தண்ணீரைக் கொஞ்சம் காட்டினேன். செத்துவிட்டார்கள். மறுபடி எடுத்தேன், மறுபடி செத்தார்கள். அந்த அறைக்குள் யாரும் வரவில்லை. கதவில் அறிவிப்பு இருக்கிறது. என்னைத் தவிர யாரும் பஞ்சைத் தொடவில்லை.

மூலையில் பழைய வைக்கோல் அரைச் சாக்கு மிச்சம் இருந்தது, பூஞ்சணம் பிடித்தது. அதைத் தட்டி உதறி வேகவைத்துப் போட்டுப் பார்த்தேன். காலையில் நுரை பொங்கி நின்றது.

பிறகு அந்தப் புது வியாபாரியிடம் போனேன். அவர் ஒளிக்கவே இல்லை. "பூஞ்சணமே இருக்கக் கூடாதுன்னு நீங்கதானேம்மா கேட்டீங்க? மருந்து அடிச்சுத்தான் வெச்சிருந்தேன்" என்றார். பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து. ஈஸ்டும் பூஞ்சணமும் ஒரே குடும்பம், அது முதல் வருடப் பாடம். நான் அதை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். எனக்கு அப்பழுக்கில்லாத வைக்கோல் வேண்டியிருந்தது. அது எப்படி மழையில் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. உனக்கு அள்ளிக் காட்டினேனே, அதே மூட்டை.

நீ பஞ்சைத் திறக்கவில்லை. சோப்பும் விடவில்லை. பிறகு ஏன் விட்டேன் என்று எழுதிக் கொடுத்தாய்?

வழிகாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடமும். சொல்ல வேண்டும். நீட்டித்த வருடம் உன் கடிதத்தின் மேல்தான் நிற்கிறது. பழைய வைக்கோலில் இந்த வருடம் எப்படியாவது பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு சொன்னால், அப்போது யாருக்கும் நஷ்டம் இருக்காது என்று ஒரு மனசு சொல்கிறது. நீ என்ன நினைக்கிறாய்?

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. பழைய வைக்கோலில் நுரை வந்தது சந்தோஷம், நிஜமாகவே.

ஏன் எழுதிக் கொடுத்தேன் என்று கேட்டிருக்கிறாய். நீ ஒரே ஒரு வரி கேட்டாய். என்னிடம் இருந்த ஒரு வரியை ஏற்கெனவே உனக்கு அனுப்பியிருந்தேன். நீ அதை வாங்கிக்கொள்ளவில்லை. வேறு வரி என்னிடம் இல்லை. அதனால் உன் கடிதத்தில் நீயே எழுதி வைத்திருந்ததை எடுத்து என் கையெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். அதற்கு ஒரு வருடமும் கிடைக்கும் என்று நீயே சொல்லியிருந்தாய். சேர்ந்து கிடைத்தது என்று வைத்துக்கொள்.

உனக்குத் தியாகம் செய்துவிட்டேன் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. பாதிதான் அது. மீதி என்னவென்றால், இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிற்று.

போன வாரம் இங்கே யாரோ மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டார்கள். காலையில் ஒரு வாளி தண்ணீர்கூட இல்லை. வார்டன் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருத்தியாகக் கேட்டார். என் முறை வந்தது. நான் இல்லை என்றேன். உண்மை. ஆனால் சொல்லும்போதே முகம் சூடாகி, கண் கீழே போய், பொய் சொல்லுகிறவள் எப்படி நிற்பாளோ அப்படி நின்றேன். வார்டன் அடுத்தவளிடம் போகாமல் என்னையே ரொம்ப நேரம் பார்த்தார். முன்பெல்லாம் பொய் சொல்லும்போதுகூட நான் நன்றாக நிமிர்ந்து நிற்பேன், உனக்குத் தெரியும்.

வழிகாட்டியிடம் சொல்லுவதும் சொல்லாததும் உன் இஷ்டம். அந்த வருடத்தை நீயே வைத்துக்கொள், எனக்கு அது வேண்டாம். அம்மாவிடம் மட்டும் சொல். விடுமுறைக்கு நான் போய்ச் சேரும் முன்பு சொல்லிவிடு. நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் இது என்ன புதுக் கதை என்று பார்ப்பாள். அப்புறம் நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உன் தங்கை


மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை நேரில் கேட்கத்தான் ஆசை. கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் காத்திருப்பேன்.

வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டு இவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியதால் இவரிடமே முதலில் போனேன். முழுவதும் கேட்டார். உன் கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து மறுபடி படித்தார். சின்னப் பெண் எழுதியதைச் சோதிக்காமல் குழுவில் வாசித்தது தன் தவறு என்றார். பிறகு அவரே எழுந்து போய்க் கதவில் இருந்த அறிவிப்பைக் கிழித்தார். அது பாதிதான் வந்தது, மீதி பசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழு நீட்டிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பருவம் முடிந்ததும் என் மேசையைக் காலி செய்ய வேண்டும். பழைய வைக்கோலில் எழுந்தவர்களைப் பக்கத்து மேசைக்காரன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். இந்த முறை வாராவாரம் ஃப்ரீசரில் எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இதையெல்லாம் நீ வருத்தப்படுவதற்காக எழுதவில்லை. நடந்தது இது, அவ்வளவுதான்.

நேற்று மாலை அம்மாவைக் கூப்பிட்டேன். வைக்கோலிலிருந்து ஆரம்பித்தேன். மருந்து, வியாபாரி, செத்தது, மறுபடி செத்தது, நுரைத்தது எல்லாம் சொன்னேன். அவளுக்குப் புரிகிறதா என்று கேட்டுக் கேட்டு விளக்கினேன். விளக்கிக்கொண்டே போனால் நல்லது என்று இருந்தது. நான் நிறுத்தியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவ முதல்ல என்ன சொன்னா?"

தொடவே இல்லை என்றுதான் எழுதினாள் என்றேன்.

"அப்புறம் எதுக்கு ரெண்டாவது தடவை கேட்டே?"

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா